வாசலில் கிடந்த செருப்புக்கள்

சென்ற மாசி மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்குப் போயிருந்தேன். செட்டிநாட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால், இந்தக் கட்டுரை பந்தியிலேயே முடிந்துபோகும். ஆகையால் அதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்லுகிறேன்.

உண்ட மயக்கம் தீரச் சற்று நடந்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டவன், கால் போன போக்கில் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்துவிட்டேன். வேப்ப மரங்களுக்கு அப்பால் நீளமான கட்டடம் ஒன்று. அதன் வாசலில் ஐம்பது அறுபது ஜோடிச் செருப்புக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. புதியவை, வார் அறுந்து தைத்தவை, ரப்பர்ச் செருப்புக்கள், பளபளக்கும் தோல் செருப்புக்கள் எல்லாம் சமரசமாகக் கலந்து கிடந்தன.

வெளியே நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "ஏம்மா, உள்ளே என்ன சந்நிதி?" என்று கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சந்நிதி இல்லீங்க ஐயா. கம்ப்யூட்டர் லேப். எனக்கு நாலு மணிக்குத்தான் முறை. அதான் நிக்கிறேன்" என்றாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கிற்று. அதிலே எட்டு விதிகள் எழுதியிருந்தன. செருப்பை வெளியே விடவும். பதிவேட்டில் நேரம் குறித்துக் கையொப்பம் இடவும். தின்பண்டமும் தண்ணீரும் கொண்டு வரலாகாது. பிறருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தலாகாது. பிறர் காத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரலாகாது. சொந்தமாக எந்த மென்பொருளையும் ஏற்றலாகாது. விளையாட்டும் சினிமாவும் கூடா. எழுந்து போகுமுன் தம் கணக்கை மூடிவிட்டுச் செல்லவும்.

இவ்வளவுதான். படித்தால் சுவாரசியம் எதுவும் இல்லாத சங்கதி. ஆனால் விதி என்பது எப்போதும் தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் எப்போதோ ஒரு காரியத்தைச் செய்திருக்கிறார். அதனால் ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது. பிறகுதான் பலகையில் ஒரு வரி ஏறியிருக்கிறது. பழைய கல்வெட்டைப் படிப்பது போலவே இந்தப் பலகையையும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

முதலில் செருப்பைப் பார்ப்போம்.

இந்தியாவுக்கு முதன் முதலாக வந்த கம்ப்யூட்டர் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. 1955-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, மறு வருஷம் வேலை செய்யத் தொடங்கியது. பிறகு பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாங்களாகவே ஒன்றைக் கட்டினார்கள். 1960-இல் வேலைக்கு வந்த அந்த யந்திரத்துக்கு 1962-இல் 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்கள். அதனுடைய ஞாபகசக்தி எவ்வளவு தெரியுமா? 2,048 சொற்கள். இன்று ஒரு பள்ளிக்கூடப் பையனின் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோன் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

அந்தக் காலத்து யந்திரங்கள் கண்ணாடிக் குழாய்களால் ஆனவை. உள்ளே அனல் பறக்கும். வெளியே சதா குளிர்ச்சி வேண்டும். பிற்பாடு வந்த காந்தத் தட்டுக்களுக்கோ தூசி ஆகாது. தட்டு சுழலும்போது அதைப் படிக்கும் முனை மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் மிதந்து செல்லும். ஒரு தூசி குறுக்கே வந்தால் அதற்குப் பாறாங்கல் வந்த மாதிரி. ஆகவே யந்திரத்துக்குத் தனி அறை, குளிர்காற்று, மூடிய கதவு. உள்ளே போவதென்றால் செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும். அந்தத் தூசியின் நினைவுதான் காரைக்குடி வாசலில் செருப்புக் குவியலாகக் கிடந்தது. இன்றைய மேஜைக் கம்ப்யூட்டர் அவ்வளவு சுகவாசி அல்ல. காரணம் போய்விட்டது, விதி மட்டும் நிற்கிறது. நம் நாட்டில் இப்படிப்பட்டவை ஒன்றா, இரண்டா?

அறை மூடியிருந்ததில் இன்னொரு விளைவும் உண்டு. யந்திரத்தை எல்லாரும் தொட முடியாது. பம்பாயில் 1964-இல் 'சி. டி. சி. 3600' என்ற பெரிய கம்ப்யூட்டரை நிறுவினார்கள். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்குகளைத் துளையிட்ட அட்டைகளாக்கி அங்கே அனுப்பினார்கள். ஓர் அட்டைக்கு எண்பது பத்திகள். ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஜன்னல் வழியாகக் கட்டை நீட்டினால் அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். விடை வரும். பெரும்பாலும் அந்த விடை, "நாற்பத்தேழாவது அட்டையில் ஒரு காற்புள்ளி விட்டுப் போயிற்று" என்பதாக இருக்கும். மறுபடியும் துளை, மறுபடியும் ஜன்னல், மறுபடியும் காத்திருப்பு.

எழுபதுகளில் சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் நண்பர் ஒருவர் எண்ணூறு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது கால் இடறிற்று. அட்டைகள் மழையில் நனைந்த அப்பளம் மாதிரி படியெல்லாம் ஒட்டிக்கொண்டன. அன்று முதல் அவர் அட்டைக் கட்டின் ஓரத்தில் மூலைக்கு மூலை பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்து வைப்பார். கோடு நேராக இருந்தால் அட்டைகள் வரிசையாக இருக்கின்றன என்று அர்த்தம். பலகையில் எழுதாத விதி அது. ஒரு வீழ்ச்சியில் பிறந்த விதி.

மூடிய கதவைத் திறந்துவிட்ட கதை கான்பூரில் நடந்தது. அங்கே உள்ள ஐ. ஐ. டி.க்கு அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் உதவியோடு 1963-இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெயர் ஐ. பி. எம். 1620. இந்த யந்திரத்துக்குக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்பாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் விடை சொல்லும். எண்சுவடியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சாது யந்திரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு பெரிய காரியம் செய்தார்கள். இது பேராசிரியர்களின் பூஜை அறை விக்கிரகம் அல்ல, மாணவர்கள் பழகுவதற்குரிய பண்டம் என்று தீர்மானித்தார்கள். என்ஜினீயரிங் படிக்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூர் ஆசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் வரவழைத்துக் குறுகிய கால வகுப்புக்கள் நடத்தினார்கள். 1965-இல் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தை மேற்படிப்பாகவே தொடங்கினார்கள். அந்த முயற்சியில் முன் நின்றவர்களுள் ஒருவர் நம் ஈரோட்டிலே பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் என்பதைத் தமிழர்கள் சற்றே பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம்.

கதவு திறந்தது சரி. திறந்த கதவில் கூட்டம் நுழைந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு யந்திரம், நூறு பேர். இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவில் எம். ஐ. டி. என்னும் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். 1961-இல் பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர் சகாக்களும் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஏககாலத்தில் உபயோகிக்கும் முறை ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

இது எப்படி முடியும் என்று கேட்கிறீர்களா? நம் கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. சாம்பார் வாளி ஒன்றுதான், இலை நூறு. பரிமாறுகிறவர் கைகாரராக இருந்தால், ஓர் இலையில் ஒரு கரண்டி, அடுத்த இலையில் ஒரு கரண்டி என்று மின்னலாகப் போய்த் திரும்பி வந்துவிடுவார். சாப்பிடுகிறவர் சோற்றைப் பிசைவதற்குள் வாளி மறுபடியும் எதிரே நிற்கும். தமக்காகவே ஒருவர் நின்று பரிமாறுவதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார். கம்ப்யூட்டரும் அப்படியே காலத்தைக் கரண்டி கரண்டியாகப் பங்கிட்டது.

பங்கு வந்தால் அளவு வரும். அளவு வந்தால் பூட்டு வரும். ஒருவருடைய காகிதங்களை இன்னொருவர் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. 1962-இல் ஒரு நாள் அவர் என்ன செய்தார் தெரியுமா? கடவுச்சொற்கள் எல்லாம் இருந்த கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஓர் அட்டையில் துளையிட்டுப் போட்டார். யந்திரம் சொன்னதைச் செய்யும் பிராணி, அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! அப்புறம் மற்றவர்களுடைய நேரத்தையும் எடுத்துக்கொண்டு தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சுமார் இருபத்தைந்து வருஷம் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

திருட்டு என்று சொல்லுவதா? படிப்பின் பசி என்று சொல்லுவதா? நான் நீதிபதி அல்ல. ஆனால் கடவுச்சொல் என்ற ஒன்று பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே அதை உடைத்தவர் பகைவர் அல்லர், படிக்க நேரம் போதாத மாணவர் என்பது எனக்கு ரொம்பவும் பிடித்திருக்கிறது. 1966-இல் அதே இடத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. இரண்டு கோப்புக்கள் தடம் மாறிப் போனதால், உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் 'இன்றைய அறிவிப்பு' காட்ட வேண்டிய இடத்தில், எல்லாருடைய கடவுச்சொல்லும் வரிசையாக வந்து நின்றன! "பிறருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தலாகாது" என்ற காரைக்குடி வரிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய புராணம் இருக்கிறது.

அதே நாட்டில் டார்ட்மத் என்ற கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ட மருந்து வேறு. புத்தகசாலையில் மாணவன் அலமாரியிலிருந்து தானே புத்தகத்தை எடுத்துப் படிப்பது போலக் கம்ப்யூட்டரும் எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். விஞ்ஞானம் படிக்காதவனுக்கும் புரியும்படி 'பேஸிக்' என்ற எளிய மொழியை உண்டாக்கினார்கள். 1964 மே முதல் தேதி விடியற்காலை நான்கு மணிக்கு அது பேசத் தொடங்கியது.

ஆக, பகிர்ந்துகொள்வதற்கு இரண்டு வழிகள். ஒன்று, யார் யார் வரக் கூடாது என்று முதலில் எழுதி வைப்பது. மற்றொன்று, எல்லாரும் வரட்டும், வந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைப்பது.

இந்த இரண்டையும் கண்டுபிடிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டில் இரண்டும் இருந்தன.

ஒரு பெரிய நகரத்தார் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். நடுவே வளவு. இரு மருங்கும் வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிச் செலவு என்று 'வேறு வைத்து' விடுவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஆனால் முற்றம் பொது. கல்யாணமோ சாவோ வந்தால் கூடம் பொது. எது தனி, எது பொது என்பதிலே குழப்பமே கிடையாது. ஒரே கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கொரு கணக்கு வைத்த கோர்பட்டோ இந்த வளவைப் பார்த்திருந்தால், "அட, நம் யோசனை!" என்று மூக்கின் மேல் விரலை வைத்திருப்பார்.

ஊருணியும் அப்படித்தான். வறண்ட சீமை இது. மழைத் தண்ணீரைத் தேக்கிக் குடித்துத்தான் ஜனங்கள் பிழைக்க வேண்டும். குடி தண்ணீர் ஊருணியில் குளிக்கலாகாது, துணி துவைக்கலாகாது, மாடு இறங்கலாகாது என்று கட்டுப்பாடு. அந்த விதிகளைக் குறை சொல்ல முடியாது. விதி இல்லாவிட்டால் ஒரே கோடையில் ஊருணி சேறாகிவிடும்.

ஆனால் விதிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயம் ஆகாது. அப்போது இந்தச் சீமை ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகளை ஆதிக்க ஜாதியார் விதித்தார்கள். 1931-ஆம் வருஷத்து ஜனக் கணக்குக்குத் தலைவராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் அவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. முழங்காலுக்குக் கீழே ஆடை தொங்கலாகாது. சட்டை போடலாகாது. முடியை வெட்டிக்கொள்ளலாகாது. மண் பாண்டம் தவிர வேறு பாண்டம் ஆகாது. பெண்கள் மேலாடை போடலாகாது, பூ வைக்கலாகாது. எட்டாவது தடை என்ன தெரியுமா? குடை பிடிக்கலாகாது, செருப்புப் போடலாகாது.

மீறினவர்களுடைய குடிசைகள் எரிந்தன. அடுத்த 1931 ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. அவர்களுடைய குழந்தைகள் எழுத்து வாசனை பெறலாகாது, மாடு மேய்க்கத்தான் போக வேண்டும் என்பவையும் அவற்றுள் அடக்கம்.

இந்தப் பலகையிலும் எட்டு. அந்தப் பட்டியலிலும் எட்டு. ஆனால் இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! ஊருணி சேறாகாமல் காப்பது ஒரு விதி. மனிதன் தலை நிமிராமல் காப்பது இன்னொரு விதி. இரண்டும் 'லாகாது' என்றுதான் முடிகின்றன. அதனாலேயே ஏமாந்துவிடக் கூடாது. யாரைக் காப்பாற்ற இந்த 'லாகாது' என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தத் தடை பிறந்து பதினாறு வருஷத்தில் அதே ஜில்லாவில் வேறொரு காரியம் நடந்தது. 1947 ஜூலை 3-ஆம் தேதி சென்னையில் ஒரு கூட்டம். சர்வகலாசாலைத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேசினார். படிக்க வரும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்றார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார் எழுந்து, காரைக்குடியில் தாம் ஒரு கல்லூரி தொடங்குவதாகச் சொன்னார். பணக்காரர்கள் மேடையில் சொல்லுவதைக் காற்றோடு விட்டுவிடுவது நம் வழக்கம். ஆனால் இவர் ஆகஸ்டு மாதத்திலேயே காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பை ஆரம்பித்துவிட்டார்!

அதோடு நின்றாரா? மின் ரசாயன ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வரட்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ஆம் தேதி பிரதம மந்திரி நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில் உபராஷ்டிரபதி ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். என்ஜினீயரிங் கல்லூரி, பெண்கள் கல்லூரி, பள்ளிகள் என்று பொட்டலாகக் கிடந்த பூமியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், 1957 ஏப்ரல் 5-ஆம் தேதி அவர் காலமானார். அவர் போட்ட விதை 1985-இல் அழகப்பா பல்கலைக் கழகமாயிற்று. பெரிய அறிவாளியின் செல்வத்தை வள்ளுவர் ஊருணிக்கு ஒப்பிட்டாரே, அது வெறும் அலங்காரம் அல்ல என்று செட்டிநாட்டில் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, பொது அறை எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும் உண்மை. ஆனால் காலச்சக்கரம் சுழலும் விந்தையைப் பாருங்கள். பெரிய கணக்குகளுக்குப் பெரிய யந்திரம் தேவைப்படுகிறது. 2022 மே மாதத்தில் திருச்சி என். ஐ. டி.யில் 'பரம் பொருள்' என்ற மகா கம்ப்யூட்டரை நிறுவினார்கள். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். அட்டைக் கட்டு இல்லை, ஜன்னல் இல்லை, காத்திருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பொதுச் சொத்து இருக்கும் மட்டும் முறை இருக்கும். முறை இருக்கும் மட்டும் பலகை இருக்கும்.

நான்கு மணி அடித்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள்.

"வீட்டிலே கம்ப்யூட்டர் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"அண்ணன் வச்சிருந்தது ரிப்பேராப் போச்சுங்க. அப்பா கொத்து வேலை. எங்க வீட்டிலே காலேஜுக்கு வந்தது நான்தான் முதல் ஆளு. இங்கே ஒரு மணி நேரம் கிடைக்குமில்லையா, அதுக்குள்ளே முடிச்சிடுவேன். உள்ளே வந்து பாருங்க ஐயா" என்றாள்.

பதிவேட்டில் அவள் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை நான் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுத்து வாசனை கூடாது என்று பட்டியல் போட்டவர்கள் வாழ்ந்த அதே பூமி. அவள் எந்தக் குலம் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிவேட்டிலும் அதற்கு இடம் விடவில்லை. பெயர், நேரம், கையொப்பம் இவ்வளவுதான். எட்டு விதிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது, அங்கே எழுதாமல் விட்ட அந்த ஒன்பதாவதுதான்.

நானும் என் செருப்பைக் கழற்றிக் குவியலோடு போட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து அதைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை, அவ்வளவு கூட்டம்!